சாப்பாட்டு இடைவேளையில் ஒரு கத்தி

"இருநூறுக்குள்ள ஒரு மடக்குக் கத்தி காட்டுங்க" என்று மாதேஸ்வரன் கேட்டதும் ஆன்சிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

இன்னும் அரைமணியில் கோர்ட்டில் கடைசிக் கையெழுத்து. இந்த மனுஷனுக்குக் கத்தி வாங்க இப்போதுதானா நேரம் கிடைத்தது?

காலையில் அவர்கள் வழக்கைக் கூப்பிடவில்லை. சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் கூப்பிடுவார்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டார். கையெழுத்துப் போட்டால் நாலு வருஷக் கல்யாணம் முடிந்தது. அவள் சேலத்தில் அம்மா வீட்டோடு. அவன் வழக்கம்போல லாரியோடு.

சாப்பிடத்தான் போகிறான் என்று நினைத்துப் பின்னாலேயே நடந்து வந்தவள் அவள். அவனோ ஓட்டலைத் தாண்டி நாமக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் லாரிச் சாமான் கடைக்குள் நுழைந்துவிட்டான்.

அவனுக்குக் கத்தி தேவைதான். காலையில் கோர்ட் கேட்டில் சோதித்த போலீஸ்காரர், அவன் பாக்கெட்டில் இருந்த பழைய கத்தியை எடுத்து ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டார். திருப்பித் தருவதில்லை என்றும் சொல்லிவிட்டார். லாரிக்காரனுக்குக் கயிறு அறுக்க, தார்ப்பாய் கிழிக்க, போகிற வழியில் அடுப்புப் பற்றவைத்தால் வெங்காயம் நறுக்க, எல்லாவற்றுக்கும் அதுதான்.

அந்தக் கத்தியைப் பார்த்தபோதே ஆன்சி ஒருமுறை ஆடிப்போயிருந்தாள்.

கல்யாணமாகி வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு அவள் வாங்கிக் கொடுத்தது. அலகு தேய்ந்து பாதியாகியிருந்தது. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்றே அதை எங்காவது விட்டெறிந்திருப்பான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

கடைக்காரர் நாலைந்து கத்திகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேசை மேல் வைத்தார். ஒன்றைக்கூடக் கையில் கொடுக்கவில்லை.

கத்தியைக் கையில் கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் உறவு அறுந்துபோகுமாம். கீழே வைக்க வேண்டும். வேண்டியவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆன்சியின் வீட்டில் இதெல்லாம் பார்ப்பதில்லை. வந்த புதிதில் ஒருநாள் அடுப்படியில் அவள் கத்தியை நீட்ட, மாதேஸ்வரன் பாம்பைக் கண்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டான். "கீழ வையி புள்ள" என்று கெஞ்சினான்.

"அப்ப கறிக்கடைக்காரங்க வீட்டுல எல்லாம் பொண்டாட்டியே தங்க மாட்டாளா?" என்று கேட்டு அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

அப்படிச் சிரித்த வீடுதான். போன வருஷம் வயிற்றில் இருந்த பிள்ளையை இழந்து அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நாக்பூர்ப் பக்கம் போயிருந்தவனின் போன் அணைந்தே இருந்தது. திரும்பி வந்து கட்டிலருகே நின்றவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அழவும் இல்லை. போன் அணைந்திருந்ததைக்கூட அவள் மன்னித்திருப்பாள். அந்த மௌனத்தை அவளால் மன்னிக்க முடியவில்லை.

மாதேஸ்வரன் கறுப்புப் பிடியும் ரம்பப் பல்லும் பாட்டில் திறப்பானும் வைத்த ஒன்றைத் தூக்கிப் பார்த்தான்.

ஒரு மழைக்குத் தாங்காது அது. வாயைத் திறக்கக் கூடாது என்று ஆன்சி பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அவன் அதைக் கீழே வைத்ததும் கை தானாகப் போய் எடுத்தது. விரித்துப் பார்த்தாள். அலகு ஆடியது. வைத்துவிட்டாள். அடுத்ததில் பூட்டு நிற்கவில்லை. அலகின் முதுகை லேசாக அழுத்தியதுமே மடங்கி விரலைப் பார்த்து வந்தது. மூன்றாவது, மரப்பிடி. பளபளப்பு எதுவும் கிடையாது. விரித்தால் டக்கென்று நின்றது. ஈரக் கையிலும் வழுக்காது. வாலில் கயிறு கோத்துக்கொள்ள ஓர் ஓட்டை. இருப்பதிலேயே விலையும் குறைச்சல்.

"அம்மணி எடுத்ததையே வாங்கிக்குங்க தம்பி" என்றார் கடைக்காரர். "ஆம்பளைங்க வந்தா பாட்டில் தொறக்க வருமான்னுதான் பாக்கறாங்க."

மாதேஸ்வரன் சிரிக்கவில்லை. பணத்தை எடுத்து வைத்துவிட்டு, அவளுக்கு எதிரே உள்ளங்கையை நீட்டினான்.

அன்று கையை இழுத்துக்கொண்டவன், இன்று தானாகவே நீட்டுகிறான். அவ்வளவுதான், அவனுக்கும் எல்லாம் முடிந்துவிட்டது.

கொடுத்துவிட வேண்டியதுதான். கையெழுத்தே போடப் போகிறவளுக்கு இதில் என்ன இருக்கிறது?

கத்தியை மடக்கினாள். நீட்டியிருந்த கையைத் தாண்டி, கண்ணாடி மேல் வைத்தாள்.

வைத்த பிறகுதான் வைத்தது அவளுக்கே தெரிந்தது. யாருடைய கையோ போலத் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவனும் கத்தியைப் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏதாவது பேசித் தப்பித்தாக வேண்டும் போலிருந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"ஏனுங்க, இதையும் கேட்ல புடுங்கிக்குவாங்களே. கையெழுத்துப் போட்டுட்டு அப்பறமா வாங்கியிருக்கலாமில்ல?"

மாதேஸ்வரன் கண்ணாடி மேலிருந்த கத்தியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டான். அதை வெளியிலிருந்து ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"உள்ள போனாத்தானே புள்ள, புடுங்குவாங்க?"