மூன்றாம் பக்கம்

"இந்த டேரலுக்குக் கொஞ்சமாவது விவரம் வேணாமா? கேக்கைப் பாருங்க, கேக்கை!"

பள்ளிச் சமையல்கூடத்து வெல்மா அதை ரெண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து என் மேஜை மேல் வைத்தாள். வெள்ளைக் கிரீம் மேல் நீல எழுத்தில் பெரிசாக எழுதியிருந்தது: 'எங்கள் சிறப்பு மாணவி ட்வைலாவுக்கு வாழ்த்து!'

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். வெல்மாவோடு சேர்ந்து நானும்தான் சிரித்தேன்.

விஷயம் இதுதான். கான்சஸில் எங்கள் ஊர்ப்பக்கம், அதிகெட்டிக்காரப் பிள்ளைகளுக்கும் படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கும் கல்வி மாவட்டத்தின் பேரில் போகிற கடிதம் ஒன்றேதான். 'உங்கள் பிள்ளை சிறப்பு மாணவராகத் தேர்வாகியிருக்கிறார்' என்று முதல் பக்கத்தில் இருக்கும். என்ன சிறப்பு என்பது மூன்றாம் பக்கத்தில்தான் இருக்கும்.

போன வருஷம் டேரலின் மூத்த பெண் லெனோராவுக்கு அந்தக் கடிதம் வந்தது. அவள் நிஜமாகவே கெட்டிக்காரி. வாரத்தில் ரெண்டு நாள் தனி வகுப்பு, ரோபோ, சதுரங்கம் என்று ஒரே அமர்க்களம். அப்போதும் டேரல் இதே மாதிரி கேக் கொண்டுவந்தான்.

இந்த வருஷம் கடிதம் சின்னவளுக்கு. ட்வைலாவுக்கு எட்டு வயசு. புத்தகத்தைத் திறந்தாலே அவளுக்குக் கண் கலங்கிவிடும். தன் பேரையே இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி எழுதுவாள். அப்பா சம்மதம் என்று கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், திங்கள்கிழமையிலிருந்து நடைக்கோடியில் இருக்கிற சின்ன அறையில்தான் அவளுக்குப் பாடம்.

"மனுஷன் முதல் பக்கத்தோட நிறுத்திட்டான்," என்றாள் வெல்மா. "ரெண்டாவதும் மேதைன்னு நெனச்சுட்டான், மடையன்."

"பாவம்னு சொல்லு."

"பாவம்தான். ஆனா அந்தக் குழந்தையை நெனச்சுப் பாருங்க. இன்னிக்கு வகுப்புல இந்தக் கேக்கை வெட்டுவா. திங்கக்கெழமை அந்த ரூமுக்குப் போவா. மத்ததுங்க சும்மா விடுமா? கிண்டல் பண்ணியே கொன்னுடுமே."

கடிதத்தை உறையில் போட்டு ஒட்டினவள் நான். இருபத்தேழு வருஷமாக இந்தப் பள்ளி ஆபீசில் என் வேலை அது.

கையெழுத்துப் போடுவதற்காக டேரல் வெளியே காத்திருந்தான். வெல்மாவை அனுப்பிவிட்டு அவனை உள்ளே கூப்பிட்டேன்.

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கோதுமை லாரி ஓட்டுகிறவன். பெண்டாட்டி விட்டுப் போன பிறகு ரெண்டு பெண்களையும் ஒற்றை ஆளாக வளர்க்கிறான். இவனிடம் எப்படிச் சொல்ல?

"டேரல், தப்பா எடுத்துக்காதே. அந்தக் கடிதத்தை முழுசாப் படிச்சியா?"

"படிச்சேன், மிஸஸ் பென்னர்."

"மூணாம் பக்கம்?"

அவன் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து விரித்தான். மற்ற பக்கங்கள் புதுசாக இருந்தன. மூன்றாம் பக்கம் மட்டும் அழுக்கேறிக் கசங்கியிருந்தது. வரிக்கு வரி பென்சில் கோடு.

"இந்த ஒரு பக்கத்தைப் படிச்சு முடிக்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு," என்றான். "நானும் அவள மாதிரிதான். எழுத்து ஒரு எடத்துல நிக்காது."

நான் அந்தப் பென்சில் கோடுகளைத் தடவிப் பார்த்தேன்.

"எட்டு வயசுல எனக்கும் இதே கடிதம் வந்துச்சு. நீங்கதான் அனுப்பியிருப்பீங்க. எங்கம்மா படிச்சுப் பார்த்துட்டு, குப்பை எரிக்கற பீப்பாய்ல போட்டுட்டாங்க. கையெழுத்தே போடல. ஊருக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்னு பயம். என் படிப்பு அதோட சரி."

ஐயோ, எனக்கு அது ஞாபகம்கூட இல்லை.

"அப்ப இந்தக் கேக்கு எதுக்குப்பா?"

"போன வருஷம் பெரியவளுக்குக் கேக்கு வெட்டினப்போ சின்னவ கேட்டா, 'அப்பா, எனக்கு எப்பக் கடிதம் வரும்?'னு. அதுலேருந்து தெனம் தபால் பெட்டியை அவதான் தொறந்து பார்ப்பா. போன வாரம் அதே நீல உறை. தூக்கிக்கிட்டு ஓடி வர்றா, 'எனக்கும் வந்துருச்சு, எனக்கும் வந்துருச்சு'ன்னு. எம்பொண்ணு அப்படிக் குதிச்சு நான் பார்த்ததே இல்ல. நான் என்னன்னு சொல்லட்டும், நீங்களே சொல்லுங்க?"

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சிரித்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"பசங்க கேலி பண்ணுவாங்க டேரல்."

"பண்ணுவாங்க. எனக்குத் தெரியாதா? அதுக்கு முன்னாடி ஒரு நாளாவது அவ சந்தோஷமா இருக்கட்டும்."

"இருந்தாலும் என்னிக்காவது அவளுக்கு உண்மை தெரியுமேப்பா."

அவன் என் பேனாவை வாங்கினான். ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக, கையெழுத்துப் போட்டு முடித்தான். மூன்றாம் பக்கத்தை மட்டும் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

"தெரியட்டும் மிஸஸ் பென்னர். இதை அவளே படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும். அதுக்குத்தானே அவள அந்த ரூமுக்கு அனுப்பறேன்!"