சிமிழியின் இலை

ஆளுக்கொரு இலை தைத்துக்கொண்டு வரவேண்டும் என்று தூக்கணாங்குருவி டீச்சர் குஞ்சுகளிடம் சொல்லியிருந்தது. சிமிழியின் அம்மாவோ தையல்சிட்டு. தையலுக்கே பேர்போன வம்சம், மானம் போகலாமா? பஞ்சைத் திரித்து, சிலந்தி நூல் சேர்த்து, பிசிறில்லாமல் தானே தைத்து மகளிடம் கொடுத்தனுப்பியது. பாராட்டைக் காதாரக் கேட்கும் ஆசையில் பின்னாலேயே வந்து, கிளை மறைவில் உட்கார்ந்துகொண்டது.

முதலில் காக்கைக் குஞ்சு தன் இலையைக் காட்டியது. கோணல்மாணலான தையல், நடுவில் கிழிசல் வேறு. அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

“எப்படித் தெச்சே?” என்று டீச்சர் கேட்டதுதான் தாமதம்.

“இங்க நூல் அறுந்துபோச்சு டீச்சர், வாழைநாரைப் போட்டேன். அது வழுக்கிச்சு, முடிச்சுப் போட்டேன். இழுத்தேனா, இலையே கிழிஞ்சிருச்சு! இப்ப மேல இன்னொரு இலை வெச்சுப் பாக்கலாம்னு இருக்கேன்.”

அடுத்தது சிமிழி.

“ரொம்ப அழகா இருக்கே! நீ எப்படித் தெச்சே?”

சிமிழி இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. “அம்மா ‘தள்ளி உக்காரு, கெடுத்துடுவே’ன்னாங்க டீச்சர். நான் தள்ளி உக்காந்திருந்தேன்.”

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா ஒரு பச்சை இலையைப் பறித்து மகள் முன்னால் போட்டது. சிமிழி அலகால் ஒரு குத்துக் குத்தியது. ஓட்டை தப்பான இடத்தில் விழுந்தது.

அம்மாவுக்கு அலகு துறுதுறுத்தது. அதை இறுக மூடிக்கொண்டு, கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தது.