செத்த ராஜாவின் கை

அவன் செத்துக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

முதுகுக்குக் கீழே மேடைப் பலகையில் ஓர் ஆணி தலை நீட்டிக்கொண்டிருந்தது. நகர முடியாது. செத்த ராஜா நகர மாட்டான்.

மார்பில் வழிந்த ரத்தம் நன்னாரி சர்பத். சிவப்புச் சாயம் கொஞ்சம் தூக்கலாகக் கலந்தது. எறும்பு வந்துவிட்டது. ஒன்று கழுத்தில் ஏறி ஒட்டுத்தாடிக்குள் வழி தேடிக்கொண்டிருந்தது.

வயிறு அசையாமல் மூச்சு விட வேண்டும். பதினோரு வருடமாக விடுகிறான். இந்த ரயில்வே காலனி மன்றத்தில் அவன் அளவுக்கு நன்றாகச் சாகிறவன் கிடையாது. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

தயாளன் அவன் மேல் விழுந்து அழுதான்.

குத்தியவனும் தயாளன்தான். கதையில் ராஜாவின் தம்பி. சபை நடுவே அண்ணனைக் குத்திவிட்டு, குத்திய கையாலேயே கட்டிக்கொண்டு அழுவான். நாடகம் அப்படி.

"அண்ணா!"

மன்றம் அதிர்ந்தது. டெல்லி நாடக விழாவுக்குத் தேர்வு செய்ய வந்தவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தயாளன் அவர் பக்கமாகத் திரும்பித்தான் அழுதான்.

அலறல் அடங்கும் இடத்தில் முகத்தை அவன் காதோரம் புதைத்தான். வேறு குரலில் பேசினான்.

"மாப்ள, டெல்லில நான்தான் ராஜா. மத்தியானமே பேசி முடிச்சாச்சு. ஒனக்கு மூச்சு வாங்குறது அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. கோச்சுக்காத."

மறுபடியும், "அண்ணா!"

எறும்பு உதட்டுக்கு வந்தது.

அவன் அசையவில்லை.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பதை அவன் ஒரே ஒருவனிடம்தான் சொல்லியிருந்தான்.

மத்தியானம் இருவரும் ஒரே பொட்டலத்தில் புளிசாதம் சாப்பிட்டார்கள். அப்போது சொல்லியிருக்கலாம். இந்தத் தாடியை ஒட்டிவிட்டவனும் தயாளன்தான். முகத்துக்கு நேரே முகம். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

பதில் சொல்ல முடியாத இடமாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறான்.

கெட்டிக்காரன்.

அடுத்து மோதிரம். பிணத்தின் விரலிலிருந்து முத்திரை மோதிரத்தைத் தம்பி கழற்ற வேண்டும். தூக்கிக் காட்ட வேண்டும். அப்போதுதான் சபை 'வாழ்க' என்று கத்தும். மோதிரம் இல்லையென்றால் ராஜா இல்லை.

தயாளன் கையைப் பிடித்தான்.

கை மூடிக்கொண்டது.

தயாளன் இழுத்தான். முஷ்டி இறுகியது.

"விடுறா."

விடவில்லை.

"மாட்டிக்கிச்சாண்ணே? சோப்பு கொண்டாரவா?" ஈட்டி பிடித்து நின்ற வில்லியம் உதடு அசையாமல் கேட்டான்.

முன்வரிசையில் முறுக்குக் கடிக்கும் சத்தம் நின்றது. மின்விசிறிகளின் சத்தம் மட்டும் இருந்தது.

தயாளன் ஒரு கணம் திகைத்தான். பிறகு பிணத்தின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான்.

"செத்த பிறகும் விடமாட்டாயா, அண்ணா?"

எழுதாத வசனம். யாரோ உச்சுக் கொட்டினார்கள். எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பார்க்கிறவர்கள் முன்னால் சாய்கிறார்கள்.

நல்ல வசனம், என்று செத்தவன் நினைத்தான். முதலிலேயே எழுதியிருக்கலாம்.

முஷ்டி இன்னும் இறுகியது. தயாளன் இன்னும் நன்றாகப் போராடினான். வியர்வை சொட்டியது. குரல் உடைந்தது.

அப்போதுதான் செத்தவனுக்குப் புரிந்தது. இறுக்க இறுக்கத் தயாளன்தான் வளர்கிறான். யாரும் பிணத்தைப் பார்க்கவில்லை. பிணத்தோடு மல்லுக்கட்டுகிறவனைப் பார்க்கிறார்கள். டெல்லிக்காரரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்னும் சற்று நேரத்தில் தயாளன் எப்படியும் பிடுங்கிவிடுவான். எழுந்து நின்று சொல்வான்: 'இதை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. நானே எடுத்தேன்.'

நாடகத்திலேயே பெரிய வசனம் அது. சொன்னதும் கைதட்டல் விழும். ஒரு வருடம்கூட விழாமல் போனதில்லை. செத்துக் கிடக்கிறவன் எழுதிய வசனம். தயாளனுக்கு என்றே, அவன் குரலை மனதில் வைத்து எழுதியது.

முஷ்டிக்குள் கட்டைவிரல் அசைந்தது.

மோதிரத்தை நகத்தால் தள்ளியது. கணுவில் சிக்கியது. தள்ளியது. கழன்றது.

பிறகு கை திறந்தது.

சட்டென்று அல்ல. சுண்டுவிரல் முதலில். ஒவ்வொன்றாக. பிணம் செய்யக் கூடாத காரியம்.

விரிந்த உள்ளங்கையில் மோதிரம் இருந்தது. மேடை விளக்கின் வெளிச்சம் அதன் மேல் விழுந்தது.

தயாளனின் பிடி தளர்ந்தது.

"பாத்தியா, அவரே குடுத்துட்டாரு" என்றாள் ஒரு பெண், பக்கத்தில் இருந்தவளிடம். கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள். மன்றம் முழுக்கக் கேட்டது.

தயாளன் மோதிரத்தை எடுத்தான். எழுந்தான். தூக்கிக் காட்டினான்.

"இதை யாரும்..."

நின்றுவிட்டது.

பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து வசனத்தை எடுத்துக் கொடுத்தார்கள். எனக்குக் கொடுக்கவில்லை. இன்னொரு முறை, சற்று உரக்க. எனக்குக் கொடுக்கவில்லை.

ஈட்டிகள் காத்திருந்தன.

தயாளன் வாயைத் திறந்து மூடுவது கீழே கிடந்தவனுக்குக் கேட்டது.

கண்ணைத் திறந்து அந்த முகத்தை ஒரு தடவை பார்க்க ஆசையாக இருந்தது.

பார்க்கவில்லை.

பார்த்தால் வசனத்தை அவனே எடுத்துக் கொடுத்துவிடுவான்.