நாலரை மணிச் சத்தம்

"என்னங்க, கீழ் வீட்டுக்காரர் ரெண்டு தடவை வந்துட்டுப் போயிட்டார். உங்களைப் பார்த்தே ஆகணுமாம்!"

அலுவலக வேலையாக நான்கு நாள் வெளியூர் போய்விட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்த கணவன், தோளில் மாட்டிய பையோடு அப்படியே நின்றான்.

"எதுக்காம்?"

"விடியக்காலை நாலரை மணிக்கு நம்ம சமையலறையில கேக்குமே சத்தம், அதைப் பத்திப் பேசணுமாம். முகம் உர்ருன்னு இருந்துச்சு. சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடியும் வர்றாராம்."

நாலரை மணிச் சத்தம் என்றால் அவனுடைய பிரெட் மெஷின்தான். ராத்திரி மாவு, தண்ணீர், உப்பு, ஒரு ஸ்பூன் ஈஸ்ட் எல்லாம் போட்டு நேரத்தைக் குறித்துவிட்டுப் படுத்துவிடுவான். விடியற்காலை அது தானாகவே எழுந்து, தடக் தடக்கென்று அரைமணி நேரம் மாவு பிசையும். பிசைகிற வேகத்தில் மேடையை விட்டே நகரும் என்று அடியில் ஒரு துண்டு வேறு. ஏழரைக்கு மூடியைத் திறந்தால் ஆவி பறக்க பிரெட்! வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாத மனுஷனுக்கு இந்த மூன்று மாதமாக வீட்டில் கிடைத்த மரியாதையே தனி.

"இப்ப என்ன பண்றது?" என்றான்.

"என்னைக் கேட்டா? போன மாசம் பூந்தொட்டித் தண்ணி அவர் துணி மேல சொட்டினப்பவே, இன்னொரு புகார் வந்தா வேற வீடு பார்த்துக்கோங்கன்னு ஓனர் சொல்லிட்டார். பரீட்சைக்கு ஒரு மாசம் இருக்கு. பொண்ணைக் கூட்டிட்டு எந்தத் தெருவுல போய் வீடு தேடுவீங்க?"

"சரி சரி, கத்தாதே. இனிமே பகல்ல போட்டுக்கறேன்."

சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் எட்டிப் பார்த்தான். மேடையில் துண்டு மட்டும் இருந்தது.

"மெஷின் எங்கடி?"

"தங்கச்சி வந்திருந்தா. ரொம்ப நாளா கேட்டுட்டே இருந்தாளே, தூக்கிக் கொடுத்துட்டேன். மத்தியானமே ரயிலேறிட்டா."

"கொடுத்துட்டியா! என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா நீங்க விட்டிருப்பீங்களா? இப்ப அவர் வரட்டும். மெஷினா, எந்த மெஷின்னு ஒரே போடா போட்டுடலாம். புகாருக்கு ஆதாரமே கிடையாது பாருங்க!"

அவன் துண்டை எடுத்து உதறி மடித்தான். மச்சினிக்கு டீ போடவே சோம்பல். அவள் எங்கே ஈஸ்ட் அளந்து போடப் போகிறாள்?

சரியாக ஆறு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கீழ் வீட்டுக்காரர் வந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். பெரிய மீசை, சிவந்த கண்கள். எட்டு மாதமாக மாடிப்படியில் தலையசைப்போடு சரி. உட்கார்ந்து பேசுவது இதுதான் முதல் தடவை.

"சார், சுத்தி வளைக்காமக் கேக்கறேன். நாலரை மணிக்கு உங்க வீட்ல அது என்ன சத்தம்?"

"மெஷினெல்லாம் ஒண்ணும் இல்லைங்க!" என்றாள் மனைவி.

"மெஷின்னு நான் சொல்லவே இல்லையேம்மா."

கணவன் அவளைப் பார்த்த பார்வையில் ஒரு பிரெட்டே கருகியிருக்கும். அவள் அசரவில்லை.

"அது வந்து... இவர்தாங்க. கயிறு வச்சுக் குதிப்பார். உடற்பயிற்சி!"

கீழ் வீட்டுக்காரரின் பார்வை கணவனின் தொப்பைக்கு இறங்கி, அங்கேயே நின்றது.

"எத்தனை நாளா?"

"மூணு மாசமா."

"ஒண்ணும் குறைஞ்ச மாதிரி தெரியலையே?"

"நீங்க முன்னாடி பாத்திருக்கணும்!" என்றாள் அவள்.

இனியும் இவளைப் பேசவிட்டால் வீடு போய்விடும் என்று கணவனுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு கையையும் கூப்பினான்.

"சார், பெரிய மனசு பண்ணி மன்னிச்சிடுங்க. தப்பு என் மேலதான். நாலு நாளா குதிக்கலை, நீங்களே கவனிச்சிருப்பீங்க. இனிமே ஜென்மத்துக்கும் குதிக்க மாட்டேன், இது சத்தியம். ஓனர்கிட்ட மட்டும் போயிடாதீங்க."

கீழ் வீட்டுக்காரர் பதறிப்போய் எழுந்து வந்து அவன் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயையோ, அப்படியெல்லாம் சத்தியம் பண்ணிடாதீங்க சார்! காலையில முதல் பஸ்ஸை எடுக்கற டிரைவர் நான். மூணு அலாரம் வச்சாலும் அசையாத தூக்கம் எனக்கு. இந்த மூணு மாசமா உங்க சத்தத்துலதான் எந்திரிக்கறேன். நீங்க குதிக்காத நாலு நாளும் நான் லேட்டு, நேத்து மெமோவே கொடுத்துட்டாங்க. இன்னொரு தடவை லேட்டானா வேலை போயிடும் சார்! நாளையிலேர்ந்து மறுபடியும் குதிப்பேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

கணவன் வாயைத் திறப்பதற்குள், "அதுக்கென்னங்க, ஒரு நாள் விடாம குதிப்பார்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள் மனைவி.