சிபாரிசு

பிளாஸ்டிக் வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு மனைவி வேலைக்குக் கிளம்பியதைப் பார்த்ததும் கொத்தனாருக்கு மனசு சங்கடப்பட்டது. இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் சுவர் எழுப்பியவரின் மனைவி, யாரோ கட்டின கட்டடத்தைப் பெருக்கித் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஒன்றரை வருஷம் வெளியூர் வேலையில் இருந்துவிட்டு முந்தாநாள்தான் அவர் திரும்பியிருந்தார். நடுவில் இரண்டு தடவை வந்து தலையைக் காட்டியதோடு சரி. குடிசைப் பகுதி ஜனங்களுக்குத் தொழில் சொல்லித்தரும் இலவசப் பயிற்சி மையத்தில் வேலை கிடைத்திருப்பதாக அவள் போனில் சொன்னபோது, "சித்தாளா வெயில்ல கல்லு சுமக்கறதுக்கு நிழல்ல நிக்கிற வேலை தேவலை" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"இந்தா, கொஞ்சம் நில்லு. இன்னிக்கு நானும் அங்கேதான் வரணும்."

"தெரியும். புதுசா சேர்றவங்க லிஸ்ட்ல உங்க பேரைப் பார்த்தேன்."

விஷயம் இதுதான். நாலு தெரு தள்ளி ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் எழும்புகிறது. இரண்டு வருஷ வேலை. தினமும் வீட்டுச் சாப்பாடு, கண்ணெதிரே மகள். ஆனால் பயிற்சி மையத்தின் சர்டிஃபிகேட் இல்லாதவரைச் சேர்க்க முடியாது என்று கான்ட்ராக்டர் கையை விரித்துவிட்டார். கிடைக்காவிட்டால் மறுபடி வெளியூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"எழுதப் படிக்கச் சொல்லுவாங்களா?" குரலைத் தணித்துக் கேட்டார். அவர் கைநாட்டுக்காரர்.

"பேனாவே எடுக்க வேண்டாம். ஒரு மாசம் வேலை பழகணும், கடைசியில சுவர் கட்டிக் காட்டணும். அவ்வளவுதான்."

கொத்தனாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "எனக்கே சுவர் கட்டச் சொல்லித்தரப் போறாங்களா! எவனாவது பேன்ட் போட்ட இன்ஜினியரா இருப்பான். செங்கல்லைக் கையால தொட்டிருக்கவே மாட்டான்."

மூலையில் பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் களுக்கென்று சிரித்தாள். அம்மா ஒரு பார்வை பார்க்க, நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அது வந்துங்க, அங்கே என்னோட வேலை என்னன்னா..."

"எந்த வேலையா இருந்தா என்ன, அதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணுமில்லே" என்று கொத்தனார் பெருந்தன்மையோடு குறுக்கே விழுந்தார். "நீ ஒண்ணு பண்ணு. ஒரு வருஷமா அங்கே இருக்கே, வாத்தியாருக்கு உன்னைத் தெரியாம இருக்காது. நம்ம வீட்டுக்காரர்தான், கொஞ்சம் பார்த்துக்கோங்கன்னு ஒரு வார்த்தை போட்டு வை."

"அங்கே சிபாரிசெல்லாம் எடுபடாதுங்க. நேரத்துக்கு வந்து சேர்ற வழியைப் பாருங்க." அவள் விறுவிறுவென்று நடையைக் கட்டினாள்.

மையத்தின் வாசலில் வாட்ச்மேனும் அதையே வேறு மாதிரி சொன்னார். "இன்ஸ்ட்ரக்டர் ரொம்பக் கறாருங்க. இங்கேயே தொழில் பழகி முதலாவதா தேறினவங்க. போன தடவை நிர்வாகியோட மச்சானையே ஃபெயிலாக்கி அனுப்பிட்டாங்க. தூக்குக்குண்டு என்ன சொல்லுதோ அதுதான் அவங்களுக்குத் தீர்ப்பு."

"இருக்கட்டுமே. என் சுவத்தைப் பார்த்தா அவரே கும்பிடு போடுவார்."

முற்றத்தில் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். செங்கல் சுமந்து அலுத்த பெண்கள் பாதி, வேலை தேடி அலுத்த இளைஞர்கள் மீதி. ஆளுக்கு முப்பது செங்கல், ஒரு சட்டி கலவை. இன்ஸ்ட்ரக்டர் வருவதற்குள் ஆறு வரி கட்டி வைக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு கை வருகிறது என்று பார்க்கும் முதல்நாள் சோதனையாம்.

மற்றவர்கள் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே கொத்தனார் மூன்று வரி ஏறிவிட்டார். பக்கத்துப் பெண்ணுக்கு ஆலோசனை வேறு: "கல்லை நனைச்சுட்டு வையும்மா. இல்லேன்னா கலவைத் தண்ணியை அதுவே குடிச்சுடும்."

ஆறாவது வரியை முடித்து, கரண்டிக் காம்பால் செல்லமாக இரண்டு தட்டுத் தட்டினார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தபடி தன் சுவரைத் தானே ரசித்தார்.

திடீரென்று முற்றத்தில் பேச்சு அடங்கியது. "இன்ஸ்ட்ரக்டர் வந்தாச்சு" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். கொத்தனார் முதுகை நிமிர்த்தினாரே தவிர, திரும்பவில்லை. முதலில் சுவரைப் பார்க்கட்டும், ஆளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அவர் தோளுக்கு மேலாக ஒரு மெல்லிய கயிறு இறங்கியது. அதன் நுனியில் பித்தளைக் குண்டு இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு நின்றது. மேல் கல்லை ஒட்டி இறங்கிய கயிறு, அடிக் கல்லை விட்டுக் கால் அங்குலம் விலகியிருந்தது.

கொத்தனாருக்குக் காது சூடேறியது. "இதெல்லாம் ஒரு சாய்வா? இருபது வருஷமா நான்..." என்று சண்டைக்குத் தயாராகத் திரும்பினார்.

தலையில் மஞ்சள் ஹெல்மெட், காதில் செருகிய பென்சில், இடுப்பில் கரண்டியும் மட்டப்பலகையும் நீட்டிக்கொண்டிருந்த அதே பிளாஸ்டிக் வாளி, கண்ணில் மட்டும் அடக்கிவைத்த சிரிப்பு.

"ரெண்டு நூல் சாய்ஞ்சிருக்குங்க, பிரிச்சுட்டுத் திரும்பக் கட்டுங்க, சாயங்காலம் சேர்ந்தே வீட்டுக்குப் போயிடலாம்."