செவலையின் குழி

கருப்பிக் கோழியின் எட்டுக் குஞ்சுகளில் ஒன்றுதான் மிச்சம். "எல்லாம் அந்தப் பருந்தோட வேலை. இனிமே எல்லாரும் வானத்தையே பாருங்க" என்று சேவல் குப்பைமேட்டில் ஏறி நின்று சொல்லிவிட்டது.

செவலைக் கோழிக்கு மனசு ஒப்பவில்லை. பருந்து வந்திருந்தால் காக்கைகள் ஊரைக் கூட்டியிருக்குமே! அது தரையைப் பார்த்தபடி நடந்தது. வேலியோரக் குழியில் கீரியின் கால்தடம் தெரிந்தது. குழி, வேலிக்கு அடியில் அந்தப்பக்கம் வரை திறந்திருந்தது.

அது செவலை தினமும் மண்ணில் புரண்டு குளிக்கிற குழி. செவலையே கிளறிக் கிளறி ஆழமாக்கியது.

"என்னக்கா, ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கருப்பி ஓடி வந்தது.

செவலை சட்டென்று குழிமேல் உட்கார்ந்து சிறகை விரித்துக்கொண்டது. "பருந்துதான் தங்கச்சி."

நாளைக்கு யாரும் பார்க்காதபோது மூடிவிடலாம் என்று நினைத்தது. காலையில் மண் இளஞ்சூடாக இருந்தது. இன்னும் ஒரு தரம் புரண்டுவிட்டு மூடலாம் என்று பட்டது.

மதியம் சேவல் கூவியதும் எல்லாக் கோழிகளும் வானத்தைப் பார்த்தன. எல்லாரையும்விட உற்றுப் பார்த்தது செவலைதான். வானத்தில் ஒன்றுமில்லை. பின்னால், வேலியோரம், கருப்பியின் கடைசிக் குஞ்சு ஒரே ஒரு தரம் கத்தியது.