மாரப்பன் தொடையில் ஏறிய ஊசி

மாட்டுக்குப் போட வேண்டிய ஊசியைத் தன் தொடையிலேயே குத்திக்கொள்ள மாரப்பனைப் போன்ற கெட்டிக்காரனால்தான் முடியும். பண்ணை மாடுகளுக்குத் தீவனத்தோடு வலிமருந்து போகும். குளம்பு அழுகினாலும் நின்றபடி பால் கொடுக்கும். மாதம் ஒருநாள், எந்த மாட்டுக்கு எங்கே நோகிறதென்று பார்க்க, அந்த மருந்தை முறிக்கும் ஊசி போடுவார்கள்.

கால்மணி நேரத்தில் இடுப்பும் முழங்காலும், எப்போது முறிந்ததென்றே தெரியாத விலாவும் சேர்ந்து அவனைத் தரையில் தள்ளின. பண்ணை வேலைக்கு வந்த ஆறு வருடமாகத் தன்னுடையது இரும்பு உடம்பென்று பீற்றிக்கொண்டவன் அவன்.

"ஏனுங்க டாக்டரம்மா, மருந்து தின்ன மாட்டுக்குத்தானுங்களே இது வேலை செய்யும்? நான் எங்கீங்க தின்னேன்?"

"பேசாம படுங்கண்ணா."

"சும்மா சொல்லுங்க. நானும் மாடுதானுங்களா?"

மாட்டு டாக்டர் பூங்கொடி அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"கேன்டீன் டீயில கலக்கறாங்கண்ணா. உங்க எல்லாத்துக்குமே."